ஏசி கேஸ் மாற்றி ஏற்றியதால் கம்ப்ரசர் போனதா? வழக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் 2017 மாடல் காரில் கூலிங் குறைந்ததால் வீட்டருகே ஒரு பட்டறையில் 1,800 ரூபாய்க்கு கேஸ் ஏற்றினேன். பணம் ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. 18-ம் நாள் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு, "வேறு கேஸ் கலந்திருக்கும், கம்ப்ரசர், கண்டென்சர் எல்லாம் மாற்ற 46,000 ஆகும்" என்கிறார்கள். பட்டறைக்காரரோ, பழைய வண்டிக்கு நான் பொறுப்பா என்கிறார். வழக்குப் போடலாமா? - திருச்சி வாசகர்

பதில்: போடலாம். ஆனால் இதைப் படித்ததும் முதல் வேலையாக சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, ஏசி லைனைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் முக்கியமான சாட்சி அந்தக் குழாய்க்குள் இருக்கிற கேஸ்தான். வால்வைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றோடு போய்விடும், அப்புறம் எந்த வக்கீலாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அவர்கள் சொன்னது "கலந்திருக்கும்" என்றுதான். அதை "கலந்திருக்கிறது" என்று ஆக்கினால்தான் வழக்கு நிற்கும். கேஜில் பிரஷர் கூடுதலாகக் காட்டுவதற்கு, வேக்கம் சரியாகப் போடாமல், அதாவது கேஸ் ஏற்றும் முன் லைனில் இருக்கிற காற்றை முழுதாக உறிஞ்சி எடுக்காமல், காற்று உள்ளே நின்றதும் காரணமாக இருக்கலாம். (அதுவும் பட்டறையின் தவறாக இருக்கலாம், ஆனால் வேறு தவறு.) கேஸ் ஐடென்டிஃபையர் என்று ஒரு கருவி இருக்கிறது. லைனில் கார் ஏசிக்கான 134ஏ கேஸ் எவ்வளவு, வீட்டு ஏசிகளில் போட்டுவந்த ஆர்-22 கேஸ் எவ்வளவு, எரியும் வாயு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று சதவீதத்தில் காட்டும். அது இருக்கிற இடத்தில் சோதித்து, தேதி, வண்டி எண், கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். எரியும் வாயு இருப்பதாக வந்தால், வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், முதலில் அந்த ஏசியைப் போடவே வேண்டாம். கூலிங் காயிலில் கசிவு வந்தால் அது குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத்தான் வரும்.

பானட்டைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதிலேயே போட்டிருக்கும். உங்கள் வண்டியின் வயதுக்கு அநேகமாக ஆர்-134ஏ, அரை கிலோ அளவில். அதைப் படம் எடுங்கள். கம்ப்ரசருக்கு எண்ணெயைச் சுமந்து செல்வதும் இந்த கேஸ்தான். 134ஏ-க்கு உரிய பிஏஜி எண்ணெய்க்குப் பதிலாக பழைய மினரல் ஆயிலை ஊற்றினால் அது கேஸோடு கலக்காமல் வழியிலேயே தங்கி, கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் ஓடும். அதனால் கம்ப்ரசரைக் கழற்றும்போது வடிகிற எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து மூடி வையுங்கள். பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். என்னிடம் வந்த ஒருவர் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு பில்லோடு மட்டும் வந்தார், அந்தப் பில்லை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை.

நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. சேவைக் குறைபாடு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2021-ல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "இதற்கு முன் வேறு எவரோ ஏற்றியிருப்பார்" என்று எதிர்தரப்பு நிச்சயம் சொல்லும். ஆகவே சண்டை போடாமல் பட்டறைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "அண்ணே, அன்னைக்கு என்ன கேஸ் போட்டீங்க, எத்தனை கிராம்?" வருகிற பதில் எதுவானாலும் அழிக்காதீர்கள். சிலிண்டர் நிறத்தை வைத்து மட்டும் வாதாட வேண்டாம், அதில் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம்.

பில் இல்லையே என்று பயப்படாதீர்கள். பணம் கொடுத்ததற்கு ஜிபே பதிவு போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் பில் தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறையாக 2(47) பிரிவு சொல்கிறது. கேஸ் என்பது பொருள், ஏற்றியது சேவை. இரண்டையும் மனுவில் எழுதுங்கள். பொருளில் குறை என்று எழுதினால்தான், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி 38-வது பிரிவின் கீழ் நுகர்வோர் ஆணையத்திடம் கேட்க முடியும்.

முதலில் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியிலும் தாக்கல் செய்யலாம். கட்டணத்துக்கு நீங்கள் கொடுத்த 1,800 ரூபாயைத்தான் கணக்கில் எடுப்பார்கள், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வழக்குப் போடக் கெடு 2 வருடம். ரிப்பேர் செலவு, கேஸுக்குக் கொடுத்த பணம், சோதனைச் செலவு, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவு கேளுங்கள். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எழுதினால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

அவர் பாதிச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று வந்தால் யோசியுங்கள். ஆனால் எழுத்தில் வாங்காமல், பணம் கைக்கு வராமல், அந்த எண்ணெய்ப் பாட்டிலைக் கீழே ஊற்றிவிடாதீர்கள்.