சின்ன அணியை ஜெயித்தால் கைதட்டலாமா?

அன்புள்ள சார்,

நாங்கள் அமெரிக்காவில் ஆன் ஆர்பரில் இருக்கிறோம். மகள் இந்த வருடம்தான் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். செப்டம்பர் 13 அன்று அவள் வற்புறுத்தியதால் முதல் தடவையாக அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க மைதானத்துக்குப் போனேன். எதிரணி சென்ட்ரல் மிஷிகன் என்கிற சின்னக் காலேஜ். முடிவு 63-3. ஒவ்வொரு முறை புள்ளி ஏறும்போதும் பேண்டு அதே பாட்டை வாசிக்கிறது, லட்சம் பேர் முஷ்டியை உயர்த்திப் பாடுகிறார்கள். 40 தாண்டியதுமே எனக்குச் சங்கடமாகிவிட்டது. இந்த மிஷிகன்காரர்கள்தான் முந்தின சனிக்கிழமை ஓக்லஹோமாவிடம் 24-13 என்று தோற்றவர்கள். சின்னக் காலேஜ்களைப் பணம் கொடுத்து அடிவாங்க வரவழைக்கிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். இதையெல்லாம் கொண்டாடலாமா? கிரிக்கெட்டில் கென்யாவை ஜெயித்தால் நாம் பட்டாசு வெடிப்போமா? மகளிடம் சொன்னால், "அப்பா, உங்களுக்கு இது புரியாது" என்கிறாள். நவம்பர் முதல் தேதி பர்டூ மேட்சுக்கும் கூப்பிடுகிறாள். அதுவும் இந்த மாதிரிதான் இருக்கும் போல. போகவா, வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

எஸ்., ஆன் ஆர்பர்

அன்புள்ள எஸ்.,

கென்யாவை ஜெயித்து வெடித்தோமே. 2003 உலகக் கோப்பை அரையிறுதி, டர்பன், 91 ரன் வித்தியாசம். எங்கள் தெருவில் சரவெடியே வெடித்தார்கள். யாரும் கூச்சப்படவில்லை. படவும் வேண்டியதில்லை. அதே தொடரில் இலங்கையைத் தோற்கடித்து வந்த அணி அது.

உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருந்த அதே மைதானத்தில் 2007 செப்டம்பர் 1 அன்று நடந்ததை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று மிஷிகன் நாட்டிலேயே 5-ஆம் இடத்தில் இருந்த அணி. எதிரே வட கரோலினா மலைப்பகுதியில் பூன் என்கிற சின்ன ஊரிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட். அப்போது ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடிய அணி அது. அன்றைய விதிப்படி மேல்பிரிவு அணி 85 ஆட்டக்காரர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்றால் அந்தப் பிரிவுக்கு 63தான். வந்து ஆட மிஷிகன் கொடுத்தது நாலு லட்சம் டாலர். கடைசி நொடிகளில் மிஷிகன் ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) அடித்தால் வெற்றி. கோரி லின்ச் என்கிற பையன் பாய்ந்து அந்த உதையைத் தடுத்து, பந்தைப் பொறுக்கிக்கொண்டு எதிர்முனையை நோக்கி ஓடினான். 34-32. பணம் கொடுத்துக் கூப்பிட்டவர்கள் லட்சத்துச் சொச்சம் பேர் முன்னால் தோற்றார்கள். அடுத்த வருடமே டொலீடோ என்கிற இன்னொரு சின்னக் காலேஜ் வந்து 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

ஆகவே மிஷிகன் ரசிகன் ஒருவன் சென்ட்ரல் மிஷிகனை ஜெயித்ததற்குக் கத்துகிறான் என்றால், அதில் பாதி நிம்மதிப் பெருமூச்சு. அதுவும் ஓக்லஹோமாவில் அடிவாங்கி வந்த மறுவாரம்.

சென்ட்ரல் மிஷிகனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 2009-ல் உங்கள் ஊர்க்காரர்களின் பங்காளி மிஷிகன் ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்தில் 29-27 என்று கவிழ்த்தவர்கள். 2013-ல் தொழில்முறை லீகான என்எஃப்எல் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்ட எரிக் ஃபிஷர் அந்தக் காலேஜ் பையன்தான். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். எதிரணியைப் பாவம் என்று நினைத்துக் கைதட்டாமல் இருந்தீர்கள். அந்தப் பையன்கள் தங்கள் ஊரான மௌன்ட் ப்ளெசன்டிலிருந்து பரிதாபத்தை வாங்கிக்கொள்ளவா பஸ் ஏறி வந்தார்கள்? ஜெயிக்க வந்தார்கள், முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் சில வருடங்கள் இல்லினாயில் டீகால்ப் பக்கம் இருந்தவன். அங்கே உள்ள நார்தர்ன் இல்லினாய்தான் என் அணி. எனவே இந்த விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 1982-ல் நார்த்வெஸ்டர்ன் தொடர்ச்சியாக 34 ஆட்டம் தோற்றிருந்தது. அந்தச் சங்கிலியை அறுக்க அதற்குக் கிடைத்தது எங்கள் அணி, 31-6. மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய் மிஷிகன் ஏரியில் போட்டார்கள். ஜெயித்தது யாரை? நார்தர்ன் இல்லினாயை! "இதற்குப் போயா" என்று அன்று ஒருவன் கேட்டிருந்தால் அவனையும் சேர்த்து ஏரியில் போட்டிருப்பார்கள். சரியாகத்தான் போட்டிருப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

அதே நார்தர்ன் இல்லினாய் 2024 செப்டம்பரில் 14 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு நோட்ர டேமுக்குப் போனது. நாட்டில் 5-ஆம் இடத்தில் இருந்த அணியை 16-14 என்று ஜெயித்தது. பயிற்சியாளர் தாமஸ் ஹாமக் கேமரா முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரே அந்தக் காலேஜில் ஆடியவர். நோட்ர டேம் அதற்கப்புறம் தேறி அந்த சீசனின் இறுதிப் போட்டிவரை போனது வேறு கதை.

பணம் கொடுத்துக் கூப்பிடுவதைக் கேவலமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் சின்னக் காலேஜுக்கு நீச்சல், தடகளம், பெண்கள் வாலிபால் என்று பல விளையாட்டுகளை நடத்த உதவுகிறது. இதில் எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஒரு பையனின் முழங்கால் போனால் அந்தக் கணக்கு எந்த ஏட்டில் வரும் என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் அது காலேஜ் நிர்வாகங்களைக் கேட்க வேண்டிய கேள்வி. டிக்கெட் வாங்கிப் பாடுகிறவனிடம் கேட்டுப் பயனில்லை.

நீங்கள் எப்போது எழுந்து வந்தீர்கள் என்று எழுதவில்லை. மூன்றாம் கால்பகுதியோடு கிளம்பியிருந்தால் நல்ல பாகத்தை விட்டுவிட்டீர்கள். எங்கள் டீகால்ப் ஹஸ்கி ஸ்டேடியத்தில் ஒருமுறை கீழ்ப்பிரிவு அணி ஒன்றை நாங்கள் சாவகாசமாக ஜெயித்துக்கொண்டிருந்தோம். கடைசிக் கால்பகுதி, கூட்டம் பாதி காலி. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தக் காசில் படித்துக்கொண்டு, வாரம் முழுக்கப் பயிற்சியில் மற்றவர்களிடம் இடிவாங்குகிற பையன் ஒருவனை உள்ளே அனுப்பினார்கள். ஹெல்மெட் பட்டையை மாட்ட அவனுக்குக் கை ஓடவில்லை, பக்கத்தில் நின்றவன் மாட்டிவிட்டான். மூன்று கெஜத்துக்கு ஒரு பந்து வந்தது, பிடித்தான், உடனே விழுந்தான். எனக்கு இரண்டு வரிசை கீழே அவன் எண் போட்ட சட்டையில் ஒரு குடும்பமே எழுந்து நின்றது. பாட்டி போன் கேமராவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பெஞ்சில் இருந்த பெரிய ஆட்டக்காரர்கள் டச்டவுன் விழுந்ததுபோலக் குதித்தார்கள். பெரிய எதிராளியோடு ஆடும் நாளில் இந்தப் பையன் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

விதியும் இதற்கு ஏற்றாற்போல இருக்கிறது. 2018-லிருந்து முதல் வருடப் பையன் நாலு ஆட்டம்வரை ஆடினாலும் அவன் காலேஜுக்கு ஆடக்கூடிய வருடங்களின் கணக்கில் அந்த வருடம் கழியாது. அந்த நாலில் ஒன்றிரண்டு அநேகமாக இப்படிப்பட்ட செப்டம்பர் ஆட்டங்கள்தான்.

நான் எங்கே முகம் சுளிப்பேன் என்று கேட்டால், 1916-க்குப் போக வேண்டும். ஜார்ஜியா டெக் கம்பர்லாண்ட் காலேஜை 222-0 என்று ஜெயித்தது. கம்பர்லாண்ட் அந்த வருடம் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டிருந்தது. வராவிட்டால் 3,000 டாலர் கட்ட வேண்டும் என்பதால் கிடைத்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். இடைவேளையில் 126-0. அதற்குப் பிறகும் டெக் நிறுத்தவில்லை. பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று நாட்டின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த 222-0 விளையாட்டே இல்லை. எதிரணியின் பேண்டைக் கேலி செய்கிறவர்களையும், தோற்று பஸ் ஏறும் பையன்களைப் பார்த்துக் கூச்சலிடுகிறவர்களையும் இந்த வகையில் சேர்ப்பேன். பாடுகிறவர்களை இல்லை.

இப்போது புதிதாக வேறு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. உங்கள் மாநிலத்தில் 2021 ஜனவரியிலிருந்து போனிலேயே பந்தயம் கட்டலாம். 27 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கட்டியவன், 24 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் தன் அணியையே திட்டிக்கொண்டு போகிறான். ஜெயித்த அணியின் ரசிகன் சாவு வீட்டு முகத்தோடு பார்க்கிங்கில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு அந்த முஷ்டி உயர்த்தும் கூட்டமே தேவலை என்று படுகிறது.

அந்தப் பாட்டு 1898-ல் சிகாகோ அணியை 12-11 என்று, ஒரே புள்ளியில், ஜெயித்துவிட்டு வந்தபோது ஒரு மாணவர் எழுதியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெயித்த ஆட்டத்துக்கு உண்டான பாட்டை 63-3-க்கும் பாடுவது கொஞ்சம் அதிகம்தான். அதை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

கடைசியாகக் காலண்டரையும் பாருங்கள். நம் கிரிக்கெட் மாதிரி வருடம் முழுக்க நடப்பதில்லை இது. வழக்கமான சீசனில் 12 ஆட்டம், அதில் சொந்த ஊரில் ஆறேழு. "இது சின்ன அணி, இதுவும் சின்ன அணி" என்று கழித்தால் மிச்சம் இருப்பது நவம்பர் குளிரில் பரம எதிரி ஓஹையோ ஸ்டேட் மட்டும். 2023-ல் மிஷிகன் செப்டம்பரில் ஈஸ்ட் கரோலினாவை 30-3, யூஎன்எல்வியை 35-7, பௌலிங் க்ரீனை 31-6 என்று ஜெயித்தபோது "யாரோடு ஆடினார்கள்" என்று நாடே சிரித்தது. அந்த அணிதான் 15-0 என்று முடித்துக் கோப்பையை எடுத்தது. செப்டம்பரில் உம்மென்று உட்கார்ந்திருந்தவனுக்கு ஜனவரியில் தனி மரியாதை எதுவும் கிடைக்கவில்லை.

பர்டூ மேட்சுக்குப் போங்கள். தடிமனான ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் 2-ஆம் இடத்தில் இருந்த ஓஹையோ ஸ்டேட்டை 49-20 என்று அடித்த அணி அது. 2024-ல் அதே பர்டூ 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது: முதல் ஆட்டம், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த இந்தியானா ஸ்டேட், 49-0. அன்று இது ஒரு வெற்றியா என்று பாதியில் எழுந்து போன பர்டூ ரசிகனுக்கு அந்த வருடம் கைதட்ட வேறு நாளே வரவில்லை.