முகாம் முடிந்த பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது? உன் ஆய்வேட்டை அங்கே தொடங்கு

மதுரையில் பி.டி.எஸ். முடித்துவிட்டு மான்செஸ்டருக்குப் பொதுச் சுகாதார முதுகலை படிக்க வந்திருக்கிறாய். ஆய்வேட்டுக்கு 'சர்வதேச மருத்துவக் குழுக்களின் சேவை' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தாய், சூப்பர்வைசர் "ரொம்பப் பெரிது, சுருக்கிக்கொண்டு வா" என்று திருப்பிவிட்டார், இப்போது எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை, தலைப்பையே மாற்றிவிடலாமா அக்கா என்று கேட்டிருந்தாய். நானும் இதே மாதிரி படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். இப்போது மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தலைப்பை மாற்றாதே. அவர் உன்னை நிராகரிக்கவில்லை. நம் ஊரில் கைடு ஒரு தலைப்பைக் கையில் கொடுத்து இதைச் செய் என்பார். இங்கே கேள்வியைக் கண்டுபிடிப்பதே உன் வேலையில் பாதி, அதற்கும் சேர்த்துத்தான் மதிப்பெண். முதல் தலைப்பு பெரிதாக இருப்பது எல்லோருக்கும் நடப்பதுதான்.

ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மெடிக்கல் மிஷன் என்ற ஒரே பெயருக்குள் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது பார். கியூபா 1963ல் அல்ஜீரியாவுக்கு மருத்துவர்களை அனுப்பியது அரசியலும் ராஜதந்திரமும் கலந்த கதை. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு நீ இருக்கும் இதே மான்செஸ்டரிலிருந்து ஒரு குழு கிளம்பிப் போனது, பிற்பாடு யூ.கே.-மெட் என்ற மருத்துவ உதவி அமைப்பாக வளர்ந்தது அதுதான். 2010ல் ஹைத்தி நிலநடுக்கத்துக்கு உலகெங்கிலுமிருந்து குழுக்கள் வந்து குவிந்தன. சில குழுக்களிடம் தகுதியும் இல்லை, எழுதி வைத்த பதிவும் இல்லை. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் 2013ல் இப்படிப்பட்ட குழுக்களுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுத்தது. ஆர்மீனியாவும் ஹைத்தியும் நெருக்கடி நேரத்து வேலை. திட்டமிட்டுப் போய் ஒன்றிரண்டு வாரம் தங்கி அறுவை சிகிச்சை செய்துவிட்டுத் திரும்பும் முகாம்கள் தனி. இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் போட்டால் இரண்டிலும் மேலோட்டமாகத்தான் எழுத முடியும்.

நீ பல் மருத்துவர். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு (வாயின் மேற்கூரையில் பிளவு) முகாம்களை எடுத்துக்கொள் என்பது என் யோசனை. பிளவோடு பிறந்த குழந்தைக்குத் தையல் பிரித்ததோடு சிகிச்சை முடியாது என்று உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சி வேண்டும், காதைப் பார்க்க வேண்டும், எட்டு வயதுக்கு மேல் பலருக்கு ஈறு எலும்பில் ஒட்டு வைக்க வேண்டும், அப்புறம் வருடக்கணக்கில் பல் சீரமைப்பு. உன்னோடு படிக்கும் மற்றவர்கள் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த விஷயத்தை நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வாயில் பார்த்திருப்பாய். அந்தப் பலத்தை விட்டுவிட்டு எதற்காகப் பொதுவாக எழுதப் போகிறாய்?

இங்கே பிரிட்டனில் நடந்ததை முதலில் படி. 1998ல் ஓர் அரசுக் குழு பிளவுச் சிகிச்சையை ஆராய்ந்தபோது 57 இடங்களில் அது நடந்துகொண்டிருந்தது. பல இடங்களில் ஒரு அறுவை மருத்துவருக்கு வருடத்தில் கிடைத்ததே சில குழந்தைகள்தான். ஐரோப்பாவின் நல்ல மையங்களோடு ஒப்பிட்டால் விளைவு மோசம். 8 முதல் 15 மையங்கள் போதும், ஒவ்வொன்றிலும் எல்லாத் துறையினரும் ஒரே குழுவாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது, அப்படியே மாற்றினார்கள். இன்றைக்கு இங்கே பிளவோடு பிறந்த குழந்தையை ஐந்து வயதில் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். வீடியோ ஓடிக்கொண்டிருக்க, பேச்சுச் சிகிச்சையாளர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்கிறார், குழந்தை திருப்பிச் சொல்கிறது. பிறகு பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பதிவைக் கேட்டு, மூக்கால் காற்று போகிறதா, எந்த எழுத்து சரியாக வரவில்லை என்று மதிப்பிடுகிறார்கள். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கும் தனி அளவுகோல் உண்டு. அண்ணத்தை ஆறு மாதத்தில் தைப்பதா பன்னிரண்டு மாதத்தில் தைப்பதா என்று ஒப்பிட்டு 2023ல் வெளியான டாப்ஸ் ஆய்வும் ஐந்து வயதுப் பேச்சை வைத்துத்தான் முடிவு சொன்னது.

இப்போது முகாமை யோசித்துப் பார். குழு திரும்பி விமானம் ஏறும்போது தையல் ஆறியிருக்குமா என்பதே சந்தேகம். அண்ணத்தில் ஓட்டை விழுந்து பால் மூக்கு வழியாக வந்தால் அந்தத் தாய் யாரிடம் போவார்? ஆண்டறிக்கையில் எத்தனை அறுவை சிகிச்சை என்ற எண் பெரிதாக இருக்கும். ஐந்து வயதில் அந்தக் குழந்தை எப்படிப் பேசுகிறது என்பது அதில் இருக்காது. உன் ஆய்வேட்டின் கேள்வி இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முகாம் நல்லதா கெட்டதா என்று ஆரம்பிக்காதே, அதற்குப் பதினைந்தாயிரம் வார்த்தையில் பதில் கிடைக்காது. குழு போன பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், எதை அளந்தார்கள் என்று கேள்.

இதற்கு நல்ல உதாரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆபரேஷன் ஸ்மைல் 1982ல் வெளியிலிருந்து குழுக்களை அனுப்பும் முறையில் தொடங்கிய அமைப்பு. அதே அமைப்பு 2011ல் அசாம் அரசோடு சேர்ந்து குவஹாத்தியில் நிரந்தர மையம் ஒன்றைத் திறந்தது. 1999ல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பணமும் கொடுக்கும் வழியை எடுத்தது, இந்தியாவில் அதற்கு நிறைய மருத்துவமனைகள் பங்காளிகள். ஆக, முகாம் முறை, நிரந்தர மைய முறை, உள்ளூர் மருத்துவமனை முறை என்று மூன்று. இவற்றைப் பற்றி வெளியான கட்டுரைகளில் தொடர் கண்காணிப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கும் ஒரு மதிப்பாய்வு, ஒரு வருட முதுகலைக்கு அளவாக இருக்கும். பப்மெட், எம்பேஸ், குளோபல் ஹெல்த் என்ற மூன்று மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேடு. உன் நூலகத்தில் பாடவாரியாக ஒரு நூலகர் இருப்பார், அவரிடம் நேரம் வாங்கி உட்கார்ந்து தேடல் சொற்களை அமைத்துக்கொள். இந்த உதவி இலவசம். நம் பிள்ளைகள் பலர் கூச்சப்பட்டு அதைக் கேட்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

ஊரில் இருக்கும் பல் சீரமைப்பு மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஆன்லைனில் பேட்டி எடுக்க ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல ஆசை, எனக்கும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையில் வெளியிலிருந்து முகாமுக்குப் போகிறவர்கள் எழுதியது நிறைய, அவர்களை வரவேற்று உடன் நின்ற உள்ளூர்க்காரர்கள் பேசியது குறைவு. ஆனால் பல்கலைக்கழக எத்திக்ஸ் (ஆய்வு நெறிமுறை) அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகும், திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், இந்தியாவில் அவர்கள் வேலை செய்யும் மருத்துவமனையின் கமிட்டியும் அனுமதி தர வேண்டியிருக்கலாம். பிப்ரவரிக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் பேட்டியை விட்டுவிட்டு மதிப்பாய்வோடு நின்றுகொள். நோயாளிகளையோ பெற்றோரையோ பேட்டி எடுக்கும் எண்ணம் இந்த முறை வேண்டவே வேண்டாம். இன்னொன்று, தொண்டு நிறுவனங்களின் பக்கங்களில் அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று குழந்தைகளின் முகப் படங்கள் இருக்கும், அவற்றை எடுத்து உன் ஆய்வேட்டில் ஒட்டாதே. அந்தக் குழந்தை நாளைக்கு வளர்ந்து கல்லூரிக்குப் போகும்.

அடுத்த சந்திப்புக்கு வெறும் கையோடு போகாதே. ஒரே ஒரு பக்கம் எழுது: கேள்வி என்ன, ஏன் முக்கியம், எந்தத் தரவு, எந்த மாதத்தில் எது. அதை இரண்டு நாள் முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிடு. சந்திப்பு அரை மணி நேரம்தான் இருக்கும், அவர் படித்துவிட்டு வந்தால் அந்த அரை மணியும் உன் வேலைக்கு. முடிந்ததும் என்ன முடிவானது என்று நாலு வரி எழுதி அவருக்கே அனுப்பு. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடு, சார் போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அவர் சொன்னது உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் காரணத்தோடு சொல், தலையாட்டிவிட்டு வந்து அறையில் அழாதே. அப்புறம், இவர்கள் கடிந்து பேச மாட்டார்கள். இந்தப் பகுதியைக் கொஞ்சம் யோசிக்கலாமே என்று ஓரத்தில் மெல்ல எழுதியிருந்தால், அதை மாற்றியே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொள்.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தாய். முதுகலை மாணவர்களுக்குக் கோடைக்காலம் விடுமுறைக் கணக்கில் வராது, ஆய்வேடு எழுதும் காலமும் படிப்புக் காலம்தான், அதனால் வாரத்துக்கு 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் அதிகம் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள். கடன் கட்ட வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் விசாவையே ஆபத்தில் வைக்காதே. ஜூன், ஜூலையில் பகல் நேரத்தை எழுதுவதற்கென்று ஒதுக்கிவிடு.

அந்த ஒரு பக்கத்தைச் சூப்பர்வைசருக்கு அனுப்பும் முன் எனக்கும் அனுப்பலாம், ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டுச் சொல்கிறேன். பேட்டி என்றே முடிவானால், பங்கேற்பவர்களுக்கான தகவல் தாளின் தமிழ்ப் பிரதியை நாம் இரண்டு பேரும் சேர்ந்து சரிபார்க்கலாம்.