திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வீட்டு வளவில் நீச்சல் குளமும் இருந்து கதைக்க ஓர் இடமும் போட யோசிக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

முதலில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஆவணியில் ஒருக்கால், மார்கழியில் ஒருக்கால். இரண்டு தடவையும் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த இரண்டு எண்கள் கையில் இல்லாமல் யாரிடமும் வரைபடம் கேட்காதீர்கள்.

20 பேர்ச் காணி, விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சின்னப் பிள்ளைகள், முழங்கால் நோவோடு அம்மா என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே நிலைமைதான். அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார், நான் அம்மாவோடு இங்கே. எங்கள் குளம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீற்றர். கட்டியவர்கள் வெளியூரிலிருந்து வந்த ஆட்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கிணற்றை யாரும் பார்க்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அடுத்த மார்கழியில் மழைத் தண்ணீரும் இலையும் சேர்ந்து குளம் பச்சையாகிவிட்டது. அண்ணா குடும்பம் பொங்கலுக்கு வருவதாக இருந்தது. பராமரிப்புக்கு வந்த பையன், “அக்கா, எல்லாத்தையும் இறைச்சுப் போட்டு உரஞ்சிக் கழுவிவிடுவம்” என்றான். எனக்கும் அது சரியாகப்பட்டது. இரவு முழுக்க மோட்டர் ஓடியது. விடியப் போய்ப் பார்த்தால் ஆழமான பக்கத்து விளிம்பு தரையை விட நாலு விரல் உயர்ந்து நிற்கிறது. சுற்றிப் பதித்த கல் பிளந்து, அந்த வெடிப்புக்குள் தண்ணீர் மினுங்கியது. உள்ளே மூலையில் டைல்ஸ் வரிசை ஒன்று கோணலாக இழுபட்டிருந்தது. நான் காலை வைத்த இடத்தில் ஈர மணல் தொதல் மாதிரி அசைந்தது.

பக்கத்து வளவுப் பெரியப்பா அந்தக் காலத்தில் கிணறு வெட்டியவர். வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, மார்கழியிலை இந்த நிலம் முழுக்கத் தண்ணி. அதுக்குள்ள வெறும் பெட்டியைத் தாட்டு வைச்சால் அது வள்ளம்தானே.”

பிறகு நான் இருந்து கணக்குப் பார்த்தேன். அன்றைக்குக் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து ஓர் அடிக்குள் நின்றது. அந்த மட்டத்தில் குளத்தின் அடித்தளத்தை நிலத்தடி நீர் மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 40 தொன். 6 அங்குலத் தடிப்பில் போட்ட எங்கள் கொங்கிறீட்டின் முழுப் பாரம் 25 தொன்கூட வராது. குளத்துக்குள் 40 தொன் தண்ணீர் இருந்தவரை அது அசையவில்லை. அதை இறைத்தவுடன் எழும்பிவிட்டது. குளம் பச்சையானால் இறைக்கத் தேவையே இல்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. குளோரினைக் கூட்டிப் போட்டு, சுவரைத் தூரிகையால் உரஞ்சி, பில்டரை இரவு பகலாக ஓட விட்டால் சில நாட்களில் தெளிந்துவிடும்.

அதனால் உங்கள் குளத்தை முழுக்க நிலத்துக்குள் புதைக்காமல், விளிம்பைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். திருத்தியபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆழம் எங்கும் ஒரே 1.2 மீற்றர். உயர்ந்த விளிம்பு இருக்கைத் திண்ணையாகவும் ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் வளவில் ஓடும் சேற்றுத் தண்ணீரும் தவளையும் உள்ளே வருவதில்லை. குளத்தின் அருகே, அடித்தளத்தை விட ஆழமாக, சல்லிக்கல் சுற்றிய ஒரு குழாய்க் குழியும் வையுங்கள். எப்போதாவது குளத்தை வெறுமையாக்க வேண்டி வந்தால், முதலில் அந்தக் குழியில் மோட்டரை இறக்கி நிலத்தடி நீரைத் தாழ்த்தலாம். அடியில் பொருத்தும் அழுத்த விடுவிப்பு வால்வு ஒன்றும் உண்டு. வெளித் தண்ணீரின் அழுத்தம் கூடினால் அது தானாகத் திறந்து அந்தத் தண்ணீரை உள்ளே விடும். விலையைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

வேலை தொடங்கும் மாதமும் முக்கியம். சித்திரை, வைகாசியில் தோண்டத் தொடங்கினால் நிலம் காய்ந்திருக்கும், குழியும் சரியாது. புரட்டாதிக்குள் குளம் நிரம்பியிருக்க வேண்டும். பாதி வேலையில் வெறும் கொங்கிறீட் பெட்டியாக வாடை மழைக்கு விடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

சரி, நிரப்பத் தண்ணீர்? எங்கள் அளவுக் குளத்துக்கு 42,000 லீற்றர் வேண்டும். கிணற்றிலிருந்தே இறைத்துவிடலாம் என்று தோன்றும். தயவு செய்து வேண்டாம். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மணலுக்கு அடியில் இருப்பது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி வரை ஏறி வரக்கூடும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. கோடையில் இரண்டு நாள் விடாமல் இறைத்தால் உங்கள் கிணறு மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய்ப்பால் பிழியத் தண்ணீர் அள்ளும் அக்காவின் கிணறும் கெட்டுவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகி, சனம் பவுசருக்கு வாளியோடு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. தெரிந்தே அந்த நிலைமையை நாங்கள் கொண்டுவரக் கூடாது. முதல் நிரப்புக்குப் பவுசர் பிடியுங்கள். 6,000 லீற்றர் பவுசர் என்றால் ஏழு நடை. பிறகு கச்சான் காற்றுக் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்தாலும் 160 லீற்றர்தான் குறையும். அதை மட்டும் மெதுவாகக் கிணற்றிலிருந்து விடலாம்.

குளோரின் விஷயம் பழகினால் இலகு. சுயாதீன குளோரின், அதாவது தண்ணீரில் இன்னும் வேலை செய்யக்கூடிய குளோரின், பத்து இலட்சத்தில் 1 முதல் 3 பங்கு, பி.எச். 7.2 முதல் 7.6. இரண்டையும் சோதனைப் பெட்டியில் நீங்களே பார்க்கலாம். எங்கள் வெயிலில், நிலைப்படுத்தி கலக்காத குளோரின் சில மணி நேரத்தில் அழிந்துவிடும், ஆகவே நிலைப்படுத்தியான சயனூரிக் அமிலத்தைப் பத்து இலட்சத்தில் 30 முதல் 50 பங்கில் வைத்திருங்கள். கவனிக்காமல் விட்ட குளத்தில் நுளம்பு பெருகும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எச்சரித்தால் அவரில் பிழை சொல்ல முடியாது. வருடத்தில் பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், நம்பிக்கையான ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் பேசிவிட்டுத்தான் குளத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

ஆனால் நான் மனதாரச் சொல்ல விரும்புவது வேறு. குளத்தைக் கட்ட முதல் நிழலைக் கட்டுங்கள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உப்புவெளிக் கடல் குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கும், பிள்ளைகள் அங்கேதான் ஓடுவார்கள். எங்கள் வீட்டில் குளத்தில் இறங்குவது ஒரு நாளில் ஒரு மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் பக்கத்துக் கொட்டிலில்தான்.

கொட்டிலை வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் போடுங்கள். கச்சான் தென்மேற்கிலிருந்து அனலாக வரும், பின்னேர வெயிலும் மேற்கிலிருந்துதான். வீடே இரண்டையும் மறைத்துத் தரும். காற்றைப் பார்த்து இன்னொன்றும் செய்யலாம். கச்சான் இலையையும் தூசியையும் குளத்தின் வடகிழக்கு மூலைக்குத் தள்ளும். மேல் நீரை இழுக்கும் வாய் அந்த மூலையில் இருந்தால் பாதிக் குப்பையைக் காற்றே கொண்டுவந்து கொடுக்கும். எங்களுக்கு முதலில் எதிர்ப் பக்கம் வைத்துவிட்டார்கள், நான் தினமும் வலையோடு நின்றேன். முருங்கை குளத்துக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம். அந்தப் பொடி இலை வலையில் நிற்காமல் நேரே பில்டருக்குள் போகும். வேம்பு நிற்கிறதென்றால் தறிக்காதீர்கள், குளத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கூரைக்கு நாங்கள் பனஞ்சலாகையும் கிடுகும் போட்டோம். கிடுகை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், செலவுதான். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு அதன் கீழே படுத்தால் தகரக் கூரைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எந்தக் கூரை என்றாலும் தூணோடு இரும்புப் பட்டி போட்டு இறுக்குங்கள். 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியபோது நாங்கள் கூரையின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தோம். அதே கொட்டிலின் ஓரத்தில் ஓர் அடுப்பும் கை கழுவத் தொட்டியும் வையுங்கள். நண்டுக்கறியை வெளியே வைத்தால் வீட்டுக்குள் மணம் நிற்காது, சமைக்கிறவரும் கதையில் இருக்கலாம்.

தரைக்கு மினுக்க டைல்ஸ் வேண்டாம். ஈரத்தில் வழுக்கும். கறுப்புக் கல்லும் வேண்டாம். எங்கள் வெயிலில் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. சொரசொரப்பான வெளிர் நிறக் கல் போதும். கொங்கிறீட்டுக்கு ஆற்று மணல்தான், கடல் மணலின் உப்பு கம்பியைத் தின்றுவிடும். கைபிடிக் கம்பிக்கு 316 தரத் துருவேறா உருக்கு கேளுங்கள். 304 போட்டு ஒரு வாடைக்குள் செம்புள்ளி விழுந்ததை நான் பார்த்தேன். குளத்து மோட்டரும் விளக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே வர வேண்டும். இதில் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அனுமதிக்கு உள்ளூராட்சி சபைக்குப் போக முதல், கடலிலிருந்து காணி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோர வலயம். அதற்குள் என்றால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

கடைசியாக வேலி. 1.2 மீற்றர் உயரம், ஏற முடியாத நேர்க் கம்பி, தானே சாத்திப் பூட்டும் படலை. கொளுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். அண்ணாவின் கடைக்குட்டிக்கு அப்போது மூன்று வயது. வேலி போட்ட மறுநாள் காலையிலேயே ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு படலைக்குப் போனாள். அம்மா விறாந்தையிலிருந்து கண்டு கூப்பிட்டதால் சரி. அன்றிலிருந்து கொட்டிலில் கதிரை இல்லை. அம்மா முழங்கால் நோவுக்குக் குளத்தில் இறங்கி நடந்துவிட்டு, பின்னேரம் சீமெந்துத் திண்ணையில்தான் இருந்து தேத்தண்ணி குடிப்பா.