கிளியரன்ஸ் போனதற்கு மாஸ்டர்ஸ் மருந்தல்ல

அண்ணா, நேற்று போனில் அண்ணி அழுததில் சரியாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பையனின் கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளத் தரும் அனுமதி, ரத்தாகிவிட்டது உண்மைதான், ஆனால் அவன் செய்தது தேசத் துரோகம் இல்லை. பழைய கம்பெனியிலிருந்து விலகும்போது அதன் டிசைன் கோப்புகளைத் தன் பென் டிரைவில் எடுத்து வந்துவிட்டான். அதில் அரசு ரகசியம் ஒன்றுகூட இல்லைதான், ஆனால் கிளியரன்ஸுக்கு அமெரிக்க அரசு பார்க்கும் 13 விதிகளில் 'கே' என்பது கம்பெனியின் சொந்தத் தகவலையும் சேர்த்தே பார்க்கிறது. சிஐஏ தலைவராக இருந்த ஜான் டாய்ச்சுக்கே, வீட்டுக் கணினியில் ரகசியக் கோப்புகள் வைத்திருந்ததற்காக 1999-ல் கிளியரன்ஸை நிறுத்தினார்கள். ஆறுதல் இதோடு போதும்.

தாய்மாமா சொல்லும் சைபர் செக்யூரிட்டி மாஸ்டர்ஸ் வேண்டவே வேண்டாம். 60,000 டாலர் கடன் வாங்கிப் படித்து வந்தாலும், வாஷிங்டன் பக்கம் அந்த வேலைகளில் நிறைய இடங்களில் முதலில் கேட்பது போன அதே கிளியரன்ஸைத்தான். தானாகப் போய் விண்ணப்பிக்கவும் வழியில்லை, ஒரு நிறுவனம் முன்வந்து கேட்க வேண்டும். கிளியரன்ஸுக்கு நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில், இதற்கு முன் கிளியரன்ஸ் ரத்தானதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் எழுத வேண்டும், மறைத்தால் முதல் தவறைவிடப் பெரிய தவறு.

கராஜில் பழைய யுபிஎஸ்ஸைப் பிரித்துப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான் என்று குறை சொன்னீர்களே, எனக்கு அதுதான் காதில் விழுந்தது. பக்கத்திலேயே வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன், லவுடன் கவுண்டியில், சர்வர் கணினிகள் நிறைந்த, ஜன்னல் இல்லாத அந்த டேட்டா சென்டர் கட்டடங்கள். உள்ளே மின்சாரம்தான் எல்லாம்: லைன் போனால் பேட்டரி அந்த நொடியே தாங்க வேண்டும், அது தீர்வதற்குள் டீசல் ஜெனரேட்டர் சுமையை ஏற்க வேண்டும். இந்த வயரிங்கைச் செய்கிற எலக்ட்ரீஷியன்களுக்கு ஐபிஇடபிள்யூ என்ற மின் தொழிலாளர் சங்கத்தின் லோக்கல் 26 கிளையில் அப்ரண்டிஸ் பயிற்சி, அதாவது வேலை செய்துகொண்டே கற்கும் பயிற்சி, இருக்கிறது, 5 வருடம். அல்ஜீப்ராவும் வாசிப்பும் சேர்ந்த ஒரு தேர்வு, அப்புறம் நேர்காணல். சேர்ந்த நாளிலிருந்து சம்பளம், படி ஏற ஏற அதுவும் ஏறும். முதல் வருடம் பைப் தூக்குவதும் கேபிள் இழுப்பதுமாகத்தான் போகும், முதுகு வலிக்கும். பின்னணி விசாரணை இங்கேயும் உண்டு, கேட்டால் நடந்ததைச் சொல்லட்டும். சர்வர் ஹாலில் போனில் ஒரு படம் எடுத்தாலே வேலை போகலாம், அதை இனி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது என்ன சொல்வது என்று அண்ணி கேட்டார். எலக்ட்ரீஷியன் என்று சொல்லுங்கள். மாஸ்டர்ஸ்தான் என்று தாய்மாமா பிடிவாதம் பிடித்தால், கடன் பத்திரத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பையனை மட்டும் என்னிடம் பேச விடுங்கள், ஸ்பீக்கரில் வேண்டாம்.