முதல்ல டேப்பை எடுங்க: புது கால்பந்து அணிக்கு மைதானம் தேடுறவங்களுக்கான கேள்வி பதில்

அமெரிக்காவுல ரெண்டாம், மூணாம் டிவிஷன் கால்பந்து கிளப்புகள்ல பதினோரு வருஷம் மேட்ச் நாள் வேலை பார்த்தவன் நான். கோடு போடுறது, கேட் திறக்கிறது, லைட் எரியலைன்னா யாருக்கு போன் பண்றதுன்னு தேடுறது, எல்லாம் பண்ணியாச்சு. வக்கீலும் இல்ல, ஆர்க்கிடெக்டும் இல்ல. மைதானம் பத்தி மட்டும் கேளுங்க.

ஒஹாயோவுலேருந்து: வணக்கம் சார். நாங்க அஞ்சு பேர் சேர்ந்து யூஎஸ்எல் லீக் ஒன்ல, அதாவது மூணாம் டிவிஷன்ல, அணி ஒண்ணு கொண்டுவரப் பார்க்கிறோம். ஊர்ல ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் இருக்கு. 6,000 சீட், வாடகையும் மலிவு. எடுத்துடலாமா?

சீட்டை அப்புறம் எண்ணலாம். மூணாம் டிவிஷனுக்கு 1,000 சீட் போதும், ரெண்டாம் டிவிஷனுக்கு 5,000. உங்ககிட்ட ரெண்டுக்கும் தேவையானது இருக்கு. மாட்டிக்கப் போறது அகலத்துல.

அமெரிக்கன் ஃபுட்பால் களத்தோட அகலம் 160 அடி, அதாவது 53 யார்டும் கொஞ்சமும். புரொஃபஷனல் கால்பந்துக்கு யூஎஸ் சாக்கர் (அமெரிக்கக் கால்பந்து கூட்டமைப்பு) கேட்கிறது குறைஞ்சது 110 யார்டு நீளம், 70 யார்டு அகலம். நீளம் எப்பவும் கிடைச்சிடும். அகலத்துல மட்டும் 50 அடி குறையும், பக்கத்துக்கு 25 அடி. அந்த 25 அடியிலதான் பள்ளிக்கூடங்கள் ஓடுதளம், வேலி, லாங் ஜம்ப் குழி எல்லாம் வெச்சிருப்பாங்க. டச்லைனுக்கு (களத்தோட நீளவாட்டு ஓரக்கோடு) வெளியே வீரர் ஓடி நிக்க இடம், பெஞ்சு, விளம்பரப் பலகை எல்லாம் இந்த 25 அடிக்கு மேல.

ஒரு தடவை நானே ஏமாந்தேன். பள்ளிக்கூடத்துல அருமையா ஒரு வரைபடம் காட்டுனாங்க, நம்பிட்டேன். கையெழுத்துக்கு முந்தின நாள் நூறடி டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் இழுத்தா, ஒரு கார்னர் ஃப்ளாக் நேரா லாங் ஜம்ப் மணலுக்குள்ள நிக்குது. கார்னர் அடிக்கிறவர் மணல்லேருந்துதான் ஓடி வரணும்.

இயற்கைப் புல்லா இருந்தா இன்னொண்ணும் பாருங்க. பழைய ஃபுட்பால் களங்கள்ல தண்ணி வடியுறதுக்காக நடுவுல முதுகு மாதிரி தூக்கியிருப்பாங்க, ஓர் அடிக்கு மேலகூட இருக்கும். எதிர் ஓரத்துல ஒருத்தரை நிக்கவெச்சுட்டு இந்த ஓரத்துல குப்புறப் படுத்துப் பாருங்க. அவரோட ஷூ தெரியலைன்னா அந்தக் களத்துல தரையோட உருட்டி பாஸ் கொடுத்து ஆட முடியாது.

ஆகஸ்ட் கடைசியில ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆரம்பிச்சிடும், வெள்ளிக்கிழமை ராத்திரி உங்களுக்குக் கிடைக்காது. பள்ளி வளாகத்துல பீர் விக்க அனுமதி உண்டான்னு எழுத்துல வாங்குங்க. பீர் வருமானம் இல்லாம இந்த மட்டத்துல கிளப் நடத்துறது ரொம்பக் கஷ்டம்.

பள்ளி மைதானமே வேண்டாம்னு சொல்லல. டெட்ராய்ட் சிட்டி எஃப்சி ஆடுற ஹாம்ட்ராமக் கீவொர்த் ஸ்டேடியமும் பள்ளி மாவட்டத்துக்கு (ஊர் அரசுப் பள்ளிகளை நடத்துற அமைப்பு) சொந்தமானதுதான். 1936-ல கட்டுனது, திறந்துவெச்சவர் அதிபர் ரூஸ்வெல்ட். முன்னால ஆடிக்கிட்டிருந்த பள்ளி மைதானத்துல இடம் போதாம, ரசிகர்கள்கிட்டேயே 7,41,250 டாலர் திரட்டி, பாழடைஞ்சு கிடந்த கீவொர்த்தைச் செப்பனிட்டு 2016-ல குடிபோனாங்க. மலிவுன்னு மட்டும் பார்த்துப் போகல, கைக்காசு போட்டாங்க. பதிலுக்கு அந்த இடம் அவங்க வீடு மாதிரி ஆயிடுச்சு.

புதுமுகம்: லீக் டூ அணிக்கும் இவ்வளவு பார்க்கணுமா?

வேண்டாம். அது கல்லூரிப் பசங்க ஆடுற அமெச்சூர் லீக், மே முதல் ஜூலை வரைக்கும்தான். பள்ளி, கல்லூரி மைதானங்கள் காலியா கிடக்கிற நேரம், தைரியமா எடுங்க. டேப் மட்டும் மறக்காதீங்க.

கேன்சஸ் தம்பி: அண்ணா, எங்க ஊர்ல மைனர் லீக் பேஸ்பால் ஸ்டேடியம் இருக்கு. பார்க்கிங், கடை, பீர் லைசென்ஸ் எல்லாம் ரெடி. அதுல ஆடலாமா?

ரெண்டு மூணு வருஷத்துக்கு ஆடலாம் தம்பி. லூயிவில் சிட்டி 2015-லேருந்து 2019 வரைக்கும் ஸ்லக்கர் ஃபீல்டுங்கிற பேஸ்பால் மைதானத்துலதான் ஆடுச்சு. 2017, 2018 ரெண்டு வருஷமும் கோப்பை ஜெயிச்சதும் அங்க இருந்தப்பதான். 2020-ல சொந்த ஸ்டேடியத்துக்குப் போயிட்டாங்க. நியூ மெக்சிகோ யுனைடெட் 2019-லேருந்து ஆல்புகர்க்கி பேஸ்பால் மைதானத்துல ஆடுது. புது ஸ்டேடியத்துக்கு 5 கோடி டாலர் கடன் பத்திரம் கேட்டு 2021-ல வாக்கெடுப்பு நடந்தப்ப மக்கள் வேண்டாம்னுட்டாங்க. தற்காலிகம்னு போற இடத்துல எத்தனை வருஷம் இருக்க வேண்டிவரும்னு யாராலும் சொல்ல முடியாது.

கஷ்டம் என்னன்னா, பேஸ்பால் சீட்டெல்லாம் ஹோம் பிளேட்டை, அதாவது பேட் பண்றவர் நிக்கிற மூலையை, பார்த்துத் திரும்பியிருக்கும். ஒரு டச்லைன் பக்கம் ஆளே இருக்க மாட்டாங்க. இன்ஃபீல்டுல (பேட் பண்றவருக்கு முன்னால இருக்கிற உள்பகுதி) இருக்கிற மண்ணு மேல புல்லைப் பரப்பணும், பந்து வீசுறவர் நிக்கிற பிட்சர் மேட்டை எடுக்கணும். அந்தப் புல் ஒட்டுப்போட்ட துணி மாதிரிதான் இருக்கும்.

புல்தரைக்காரன்: குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும். நான் பேஸ்பால் மைதானத்துல புல் பராமரிக்கிறவன். ஒட்டுப்போட்ட துணின்னு சொல்றதை ஒத்துக்க முடியாது. மெல்லிசா வெட்டுன புல்லைப் போட்டா அப்படித்தான் விலகும். ஒண்ணரை, ரெண்டு அங்குல கனத்துல வெட்டுன பெரிய சுருளைப் போட்டுப் பாருங்க. வேர் பிடிக்கிறதுக்கு முன்னாடியே அதோட எடையிலேயே உட்கார்ந்துக்கும், மறுநாளே ஆடலாம்.

ஒத்துக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் செலவுக்குப் பயந்து மெல்லிசா போட்டது. ஆனா அந்தக் கனமான சுருளை ஒவ்வொரு தடவையும் போட்டு எடுக்கிற கூலி யார் தலையில விழும்?

புல்தரைக்காரன்: ஒவ்வொரு தடவையும் எதுக்கு? 2021-லேருந்து மைனர் லீக் பேஸ்பால் அட்டவணை மாறிடுச்சே. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊர்ல ஆறு ஆட்டம், திங்கள் லீவு. அணி வெளியூர் போற வாரம் முழுக்க மைதானம் காலி. திங்கள், செவ்வாய்ல மாத்திட்டா புதனும் சனியும் உங்களுக்கு.

முழங்கால்: நான் அந்த மாதிரி மைதானத்துல ஆடினவன். ஓரத்துல புல், திடீர்னு புதுப் புல், மறுபடி பழைய புல். காலுக்குக் கீழ மூணு விதமான தரை. எங்க கோச் இடதுபக்கம் பந்தே போகக் கூடாதுன்னு சொல்லிடுவார்.

புல்தரைக்காரன்: அது பராமரிப்போட குறை, மைதானத்தோட குறை இல்ல. உண்மையைச் சொல்லணும்னா எங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். நீங்க போனதும் புல்லை எடுத்தா கீழே மண்ணு இறுகிக் கிடக்கும். அடுத்த வாரம் ஷார்ட்ஸ்டாப் (இன்ஃபீல்டுல நிக்கிற ஃபீல்டர்) முகத்துக்கு நேரா பந்து எகிறும், திட்டு வாங்குறது நான்.

இதைத்தான் நானும் சொல்ல வர்றேன். வீட்டுக்காரர் ஆளுக்கு உங்க ஆட்டத்தால திட்டு விழுதுன்னா, மூணாவது வருஷம் வாடகை ஏறும், இல்லைன்னா நல்ல சனிக்கிழமையெல்லாம் கச்சேரிக்குப் போயிடும். தம்பி, பேஸ்பால் மைதானம் எடுக்கிறதா இருந்தா ஒரு தடவை களம் மாத்த எவ்வளவு, யார் கொடுக்கணும், புல் எத்தனை அங்குல கனம், இதெல்லாம் ஒப்பந்தத்துல எழுதுங்க. முதல் வேலையா புல்தரைக்காரர் மாதிரி ஆளைக் காபிக்குக் கூப்பிடுங்க, கிளப் முதலாளியை அப்புறம் பார்த்துக்கலாம்.

புல்தரைக்காரன்: காபி போதாது.

சரி, சாப்பாடு.

ஜார்ஜியா: எங்ககிட்ட 5,000 சீட் இருக்கிற ஹைஸ்கூல் மைதானம் ஒண்ணு இருக்கு...

அகலம்?

ஜார்ஜியா: 68 யார்டு சார்.

அதை டேப் சொல்லுச்சா, பள்ளிக்கூடம் சொல்லுச்சா?

ஜார்ஜியா: பள்ளி வெப்சைட்ல போட்டிருக்கு.

மேலே லாங் ஜம்ப் கதையை இன்னொரு தடவை படிங்க. அளந்தும் 68 வந்தா லீக்கைக் கேளுங்க, விலக்கு வாங்கித் தர வழி உண்டு. அதை நம்பி மட்டும் டிக்கெட் விக்காதீங்க.

பெரிய கனவு: பக்கத்துல பெரிய கல்லூரி ஸ்டேடியம் இருக்கு, 30,000 சீட். குறைஞ்ச வாடகைக்குத் தர்றாங்க. பெருசா ஆரம்பிச்சா என்ன தப்பு?

இண்டி இலெவன் 2018-லேருந்து 2020 வரைக்கும் என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலோட உச்ச லீக்) அணி ஆடுற லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல ஆடுச்சு. 2021-ல பழைய சின்ன மைதானத்துக்கே திரும்பிடுச்சு. பெரிய ஸ்டேடியத்துல 8,000 பேர் உட்கார்ந்தாலும் டிவியில காலி சீட்தான் தெரியும். 5,000 சீட்ல 4,500 பேர் இருந்தா அடுத்த வாரம் டிக்கெட் கிடைக்குமான்னு ஜனங்களுக்கே பதற்றம் வரும். ஓக்லண்ட் ரூட்ஸ் 2025-ல கொலீசியம்ங்கிற பெரிய ஸ்டேடியத்துக்குப் போன முதல் ஆட்டத்துக்கு 26,000 பேருக்கு மேல வந்தாங்கன்னு நீங்க சொல்லலாம். வந்தாங்கதான். கல்யாணத்தன்னைக்கு வந்த கூட்டத்தை வெச்சுத் தினச் சமையலுக்கு அரிசி அளக்காதீங்க.

அரிசோனா: கழட்டி மாட்டுற ஸ்டேடியம்?

பீனிக்ஸ் ரைசிங் 2017-ல அப்படி ஒண்ணு போட்டு, 2021-லயும் 2023-லயும் இடம் மாத்துனாங்க. நடக்கிற காரியம்தான். சீட்டைக் கழட்டலாம், கக்கூஸையும் சாக்கடையையும் கரண்ட் இழுத்ததையும் கழட்ட முடியாது. நில வாடகை எத்தனை வருஷத்துக்குன்னு பார்த்து முடிவெடுங்க.

சான் அன்டோனியோ: வெளிநாட்டு வீரருக்கு விசா வாங்குறது எப்படி?

குடியேற்ற வக்கீலைப் பாருங்க.

லோகோ: அணிக்குப் பேர் வைக்க ஐடியா...

என் துறை இல்ல.

டென்னசி: ஹைஸ்கூல் மைதானம் ஒண்ணு...

டேப்.

கரோலினா அக்கா: யூஎஸ்எல் முதலாளிகள் 2025 மார்ச்ல ஏற்ற இறக்கத்துக்கு (ஜெயிக்கிற அணி மேல் டிவிஷனுக்குப் போறது, தோக்குறது கீழே இறங்குறது) ஓட்டுப் போட்டுட்டாங்களே. மேலே போனா பெரிய மைதானம் வேணும். இப்பவே அதுக்குத் தகுந்த மாதிரி பார்க்கணுமா?

நல்ல கேள்வி அக்கா. சீட்டை இப்பவே வாங்க வேண்டாம், இடத்தை வாங்குங்க. கோல் போஸ்டுக்குப் பின்னால காலி நிலம் இருக்கா, அது யாருக்குச் சொந்தம்னு பாருங்க. பள்ளியோட சேர்ந்து புதுசா கட்ட முடிஞ்சா இன்னும் நல்லது. ஸ்போகேன்ல 2023-ல நகர் நடுவுல 5,000 பேர் உட்கார்ற ஸ்டேடியம் திறந்தாங்க, சொந்தக்காரர் பள்ளி மாவட்டம். ஆரம்பத்துலயே கால்பந்தையும் மனசுல வெச்சுக் கட்டுனதால அகலத் தொல்லை இல்ல. கட்டி முடியுறவரைக்கும் வாடகை வீடு வேணுமே, அதையும் நெனைங்க. ரோட் ஐலண்ட் எஃப்சி 2024 சீசனை ஒரு பல்கலைக்கழக மைதானத்துல ஆடி, 2025 மே மாசம்தான் பொட்டக்கெட்டுல சொந்த ஸ்டேடியத்துக்குப் போச்சு. சீசன் மார்ச்லயே தொடங்கிடும். வாடகை ஒப்பந்தத்துல கூடுதலா ஒரு வருஷம் நீட்டிக்கிற உரிமையை இப்பவே எழுதி வாங்குங்க. அப்புறம் கேட்டா விலை வேற.

ஒஹாயோவுலேருந்து: சார், இப்பதான் மைதானத்துலேருந்து வர்றேன். டேப் போட்டேன். கிழக்குக் கோல் பக்கம் 71 யார்டு, மேற்குப் பக்கம் 66. வேலி கோணலா இருக்கு.

பார்த்தீங்களா! வேலிதானே, ஓடுதளம் இல்லையே?

ஒஹாயோவுலேருந்து: வேலிதான். வெறும் கம்பி வேலி, பின்னால புல்லு. பள்ளி ஆள் நகர்த்தித் தர்றேன்னு வாயால சொன்னார்.

வாயால சொன்னதை எழுத்துல வாங்குங்க. டச்லைனுக்கு வெளியே ஓட இடமும் சேர்த்து அளந்து நகர்த்தச் சொல்லுங்க. படுத்துப் பார்த்தீங்களா?

ஒஹாயோவுலேருந்து: பார்த்தேன். தம்பியோட ஷூ தெரிஞ்சது, லேஸ் வரைக்கும்.

அப்ப நல்ல களம்தான். பீர்?

ஒஹாயோவுலேருந்து: அதைக் கேட்டதும் வேற பேச்சுக்குப் போயிட்டார்.