ஊசி குத்திய பிறகு: மூன்றாவது டோஸ் விட்டுப்போனவருக்கு

சிஸ்டர், மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் நேற்று ராத்திரி நோயாளிக்குப் போட்ட ஊசி உங்களைக் குத்தியது, ஹெபடைடிஸ் பி (ரத்தத்தால் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி 2 டோஸோடு நின்றுபோய் 2 வருஷம் ஆச்சு, முதலிலிருந்து போடணுமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டாம். மூன்றாவதை இன்றைக்கே தோளில் போடுங்க. இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கி எதிர்ப்பு சரியா வராது.

அதைவிட அவசரம் அந்த நோயாளியின் ரத்தத்தை டெஸ்ட் பண்ணுவது. ஹெச்பிஎஸ்ஏஜி (ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பதைக் காட்டும் டெஸ்ட்) பாசிட்டிவ் என்றாலோ, யார் ஊசி என்றே தெரியாவிட்டாலோ, ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினும் (உடனே காக்கும் ரெடிமேட் எதிர்ப்புப் புரத ஊசி) வேணும்: கிலோவுக்கு 0.06 மில்லி, 60 கிலோவுக்கு 3.6 மில்லி, தடுப்பூசி போடாத வேறு இடத்தில். 24 மணி நேரத்துக்குள் நல்லது; 7 நாளுக்குப் பிறகு பலன் சந்தேகம். உங்க இடத்தில் இருப்பு இல்லையென்றால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் உடனே விசாரிங்க. எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்பதையும் அங்கேயே கேளுங்க, அதை ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும்.

குத்திய இடத்தைப் பிதுக்காதீங்க (எல்லாரும் செய்வது அதைத்தான்), சோப்புத் தண்ணீர் போதும். உங்க ரத்தத்தையும் இப்பவே டெஸ்ட் பண்ணி வையுங்க. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, டெஸ்ட்தான் வழி. ஆன்டி-ஹெச்பிஎஸ் (ஹெபடைடிஸ் பி-க்கு எதிர்ப்பு வந்ததா என்று காட்டும் ரத்த அளவு) கடைசி டோஸுக்கு 1-2 மாதம் கழித்து 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கணும். இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் இந்த டெஸ்டுக்கு 6 மாதம் பொறுங்க, இல்லையென்றால் அதுவே பொய்க்கணக்கு காட்டும்.