தோழி பிறந்த ஊரில் நான் சுற்றுலாப் பயணியா?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. கிள்ளானில் கணக்காய்வு வேலை. போன மாதம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் கணக்குப் பார்க்க நானும் அலுவலகத் தோழியும் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் போய் ஐந்து நாள் தங்கினோம். புது ஊருக்குப் போனால் நடந்தே சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். தோழி அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து பத்து வயதுவரை வளர்ந்தவள். ஊரைச் சுற்றிக் காட்டுவாள் என்று ஆசையாக இருந்தேன். அவளோ "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் ஓட்டல் அறையில் படுத்துவிடுவாள். ஒருநாள் நான் தனியாகப் போய் சாய்ந்த கோபுரத்தைப் படம் பிடித்து வந்து காட்டினேன். "அதுக்குப் பக்கத்துலதான் எங்கப்பா பஸ்ஸுக்கு நிப்பாரு" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறோம். அவளை எப்படி வெளியே கிளப்புவது?
- கிள்ளான் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் படித்தது அந்த பஸ் வரியைத்தான். ஊரைச் சுற்றிக் காட்டமாட்டேன் என்ற தோழி, ஒரு படத்தைப் பார்த்ததும் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நீங்கள் காட்டியது கோபுரம். அவர் கண்ணில் பட்டது அதன் பக்கத்தில் நின்ற ஆள்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். சில வருஷங்களுக்கு முன் கோலாலம்பூர்த் தோழி ஒருத்தி, "உன் ஊரைப் பார்த்தே ஆகணும்" என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். லயம், அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள், இருந்த இடத்தில் செம்பனை வரிசை கட்டி நின்றது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களம் எது, பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகை எது என்று எனக்கே பிடிபடவில்லை. துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டி ஒன்று மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. விளிம்பில் சோப்புக்கட்டி வைத்து வைத்துத் தேய்ந்த குழி அப்படியே இருந்தது. நான் அதில் விரலை வைத்த நேரம் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு, அப்படியே நில்லு" என்று கைப்பேசியைத் தூக்கினாள். அந்தப் படத்தில் நான் பல்வலிக்காரி மாதிரி இருப்பேன். திரும்பி வரும் வழியில் தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை அவளோடு பேசவில்லை. நல்ல மனசுக்காரிதான். ஆனால் அன்றைக்கு நான் அவளுக்கு வழிகாட்டியாக வந்தவள், அவ்வளவுதான்.

அதனால் முதலில் "சுற்றிக் காட்டு" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். கோபுரத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1885ல் லியோங் சூன் சோங் என்ற சீனக் கட்டடக் குத்தகைக்காரர் கட்டியது. வெளியே எட்டு மாடி மாதிரித் தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம், கீழே ஆற்றோரத்து இளகிய மண், இரண்டும் சேர்ந்து சாய்ந்துவிட்டது. அதையெல்லாம் நீங்கள் தனியாகவே பார்த்துவிடலாம். பார்த்தும் விட்டீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்குப் பட்டணம் வேறு மாதிரி. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, தலையில் எண்ணெய் வழிய, இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிற இடம். மளிகைக்கடையில் போன மாதக் கடனை அடைக்கிற வரைக்கும் அம்மாவின் முகம் ஒரு மாதிரி இருக்கும், அடைத்த பிறகு வேறு மாதிரி இருக்கும். மிச்சக் காசு இருந்தால் சாப்பாட்டுக்கடை. இல்லாவிட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பஸ்ஸுக்கு. உங்கள் தோழிக்கும் இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பத்து வயதில் தோட்டத்தை விட்டு வந்த பிள்ளை, பெட்டியைக் கட்டியது தன் இஷ்டத்துக்கு இருந்திருக்காது. அந்த ஊருக்கே இன்று கணக்குப் பார்க்கிற ஆளாக, ஆலைக்குள் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டு வருகிறார். சாயங்காலம் கொஞ்சம் படுத்துக்கொள்ளத்தான் தோன்றும்.

சரி, என்ன செய்யலாம்? மழை விட்ட பிறகு, ஐந்தரை மணிக்குமேல், "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாமா?" என்று மட்டும் கேளுங்கள். நம் மலேசியாவில் ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அவசரமில்லை. பழைய கடை வரிசையின் அஞ்சடியில், கடை வாசலை ஒட்டிய அந்தக் கூரை போட்ட நடைபாதையில், நடங்கள். பாதி இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்திருக்கும், ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் போக முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான். அது நல்லதுதான். முகத்துக்கு முகம் பார்க்காதபோது சிலருக்குப் பேச்சு தானாக வரும். அவரை முன்னால் விடுங்கள். எந்த முனையில் திரும்புகிறாரோ அங்கே நீங்களும் திரும்புங்கள். கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கேட்பதாக இருந்தால் சின்னதாகக் கேளுங்கள். "இங்கே வரும்போது உனக்கு எப்படி இருக்கு?" என்றெல்லாம் வேண்டாம், பேட்டி மாதிரி ஆகிவிடும். "உங்க பாட்டி இந்த ஊரை என்னன்னு சொல்வாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். 1982ல்தான் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது. அதற்கு முன் தெலுக் ஆன்சன். பழைய ஆட்கள் வாயில் அது எப்படி எப்படியோ உருளும். பாட்டி சொன்ன மாதிரியே அவர் சொல்லிக்காட்டினால் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். ஒன்றுமே சொல்லாவிட்டாலும் தேத்தண்ணி குடித்த கணக்கு.

தோட்டத்துக்குப் போகலாம் என்று நீங்களாக வாயைத் திறக்காதீர்கள். அவராகக் கேட்டால் போங்கள், கூட நில்லுங்கள், போதும். செட்டியார் கோயில் அப்படியில்லை. சித்ரா பௌர்ணமிக்கு அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஜனமெல்லாம் வந்து கூடுகிற தெண்டாயுதபாணி கோயில் அது. சாமி கும்பிடப் போகிறேன், வர்றியா என்று சாதாரணமாகக் கூப்பிடலாம்.

வரமாட்டேன் என்றால்? கோபித்துக்கொள்ளாமல் நீங்கள் போய் வாருங்கள். அது உங்களுக்கும் கிடைத்த பயணம்தான், அறையில் காவல் இருக்க வேண்டியதில்லை. திரும்பும்போது அந்த ஊர் சீ சியோங் ஃபன், அரிசிமாவுச் சுருள், ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள். உள்ளே செங்குவாங் கிழங்கும் காய்ந்த இறாலும் வைத்து, குழம்பு ஊற்றாமல், ஊறின பச்சைமிளகாயோடு கொடுப்பார்கள். கிள்ளானில் நீங்கள் சாப்பிடுவது மாதிரி இருக்காது. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுங்கள்.

கெட்டிக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மீ ரெபுஸ் சாப்பிட அவரே கூட வந்தால் ஒன்றே ஒன்று: என்ன வேண்டும் என்று கடைக்காரரிடம் அவர் சொல்லட்டும். உங்களுக்கும் சேர்த்து.